ஈயம் வீழ்ந்தது, இலை மிஞ்சியது

1985 அக்டோபர் 24ஆம் நாள் இலண்டன் உலோகச் சந்தையில் ஈய வணிகம் நின்றுபோனது. விலையைத் தாங்கிப் பிடித்து வந்த அனைத்துலக ஈய மன்றத்தின் பணம் தீர்ந்துவிட்டதே காரணம். பேராவின் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயலம்பங்கள் மூடப்பட்டதை நம்மில் மூத்தவர்கள் அறிவர். தென்னமெரிக்காவில் பொலிவியா பட்ட பாட்டை அறிந்தவர் குறைவு. அந்நாடு மன்றத்தின் கடைசி உடன்படிக்கையில் சேரவே இல்லை. ஆயினும் அடி அதற்கும் விழுந்தது.

ஏற்கெனவே வெளிநாட்டுக் கடனும் பல ஆயிரம் விழுக்காட்டுப் பணவீக்கமும் அந்நாட்டை நெரித்துக் கொண்டிருந்தன. 1952இல் பெரும் ஈயச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கிய விக்தோர் பாஸ் எஸ்தென்சோரோதான் 1985இலும் அதிபர். அவருடைய அரசே 20,000க்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளரை வீட்டுக்கு அனுப்பியது. அவர்களுள் பலர் சப்பாரே தாழ்நிலத்துக்கு இறங்கிக் கொக்கா பயிரிட்டனர். விளைந்ததும் விலைபோகும் பயிர் அது ஒன்றே.

கடன் கதை இன்னும் விந்தையானது. பொலிவியா திருப்பித் தராது என்று எண்ணிய சந்தையில், அதன் வங்கிக் கடன் டாலருக்கு 6 காசுக்கு விலைபோனது. 1988இல் பிற நாடுகள் தந்த நன்கொடையான 3 கோடியே 40 லட்சம் டாலரைக் கொண்டு, ஏறத்தாழ 30 கோடியே 80 லட்சம் டாலர் கடனைப் பொலிவியா 11 காசு வீதம் மீட்டது. பாதிக் கடன் தீர்ந்தது என்று மகிழலாமா? மீட்புக்கு முன் மொத்தக் கடனின் சந்தை மதிப்பு 4 கோடியே 2 லட்சம் டாலர். மீட்டபின் எஞ்சிய கடனின் மதிப்பு 3 கோடியே 98 லட்சம்! நன்கொடை கடன்காரர் பைக்கே போனது என்றுதான் நான் கணக்கிடுகிறேன்.

அதே 1988இல் 1008ஆம் சட்டம் வந்தது. மரபுவழிப் பயன்பாட்டுக்கு 12,000 எக்டர் போக, ஏனைய கொக்கா அழிக்கப்பட வேண்டும். 1986 முதலே அமெரிக்காவின் போதைப்பொருள் சான்றளிப்பு உதவிப்பணத்தையும் உலக வங்கி வாக்கையும் கட்டுப்படுத்தி வந்தது. 1991இல் சுங்கச் சலுகையும் அதனுடன் பிணைக்கப்பட்டது. கொக்கா விவசாயிகளின் தலைவர் ஏவோ மொராலெஸ் ஆட்சியிலிருந்த 2008இல் அச்சலுகை நிறுத்தப்பட்டது. துணி தைத்து அனுப்பிய தொழிலாளருக்கே முதல் இழப்பு.

கொக்கா இலை மெல்வதை 25 ஆண்டுகளுக்குள் ஒழிக்கச் சொன்ன 1961ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையிலிருந்து பொலிவியா 2012இல் வெளியேறியது. இலை மெல்லும் உரிமையைத் தன் மண்ணில் காக்கும் நிபந்தனையோடு 2013 ஜனவரியில் மீண்டும் சேர்ந்தது. 15 நாடுகள் எதிர்த்தன. அதைத் தடுக்க அந்த எண்ணிக்கை போதவில்லை.