பழுத்த இலை

ஜான் எவரெட் மில்லே 1856இல் லண்டன் ராயல் அகாடமியில் காட்சிக்கு வைத்த ஓவியத்தின் பெயரைத் தமிழாக்கப் போய் மாட்டிக்கொண்டேன். 'இலையுதிர்கால இலைகள்' என்றால் ஒரே மூச்சில் இரண்டு இலை. மூலத்திலுள்ள 'ஆட்டம்' (autumn) என்ற ஆங்கிலச் சொல்லிலோ இலையும் இல்லை, உதிர்வும் இல்லை. லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்த பெயர் அது. அதற்கு முன் ஆங்கிலேயர் அந்தப் பருவத்தையே 'ஹார்வெஸ்ட்' என்றார்கள். ஜெர்மானியர் இன்றும் 'ஹெர்ப்ஸ்ட்' என்கிறார்கள். பருவத்தின் பெயர்தான் பிறகு அறுவடைக்கு மட்டும் என்று சுருங்கிப்போனது. பழத்தைக் குறிக்கும் கிரேக்கக் 'கார்ப்போஸ்' அதற்குப் பங்காளி. இலை விழும் காலம் என்ற பொருளில் 'ஃபால்' 16ஆம் நூற்றாண்டில் தலைகாட்டி, அமெரிக்காவில் நிலைத்தது. நம் இலையுதிர்காலத்துக்கு இதுதான் நெருங்கிய சொந்தம்.

நம் பழைய ஆறு பருவங்களில் இலையுதிர்வுக்கு இடமில்லை. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மழையும் வாடையும்தான். வேம்பு மாசியில் கொட்டும். வாசலைப் பெருக்கி முடிப்பதற்குள் பங்குனித் தளிர் வந்துவிடும். இதற்கென்று தனிப் பருவம் எதற்கு?

'சருகுகள்' என்று வைத்துவிடலாமா? படத்தை உற்றுப் பார்த்தேன். ஸ்காட்லாந்தின் பெர்த்தில் மில்லே குடியிருந்த வீட்டுத் தோட்டம், அந்தி நேரம். இலைக் குவியலைச் சுற்றி நான்கு பெண்பிள்ளைகள். கரும்பச்சை உடையில் இருப்பவர்கள் மனைவி எஃபியின் தங்கைகள். ஆலிஸ் கூடையைப் பிடித்திருக்க, சோஃபி அதிலிருந்து இலை அள்ளுகிறாள். மற்ற இருவர் ஊர்ப் பிள்ளைகள். (இந்த அந்தி ஒளியை வியந்து எழுதிய விமர்சகர் ரஸ்கின், எஃபியின் முன்னாள் கணவர். மனிதருக்கு ரசனைதான் முதல்.) குவியலில் மஞ்சளும் செம்மையும் இன்னும் வெளுக்கவில்லை. மெல்லிய புகை மட்டும் எழுகிறது. சருகென்றால் கைக்குள் நொறுங்கும், தீ வைத்ததும் சடசடவென்று எரியும். இது சருகில்லை.

அப்படியானால் 'பழுப்பு'? அதை நிறமாகவே புழங்கிப் புழங்கி, அது 'பழு' என்ற வினையின் பிள்ளை என்பதை மறந்துவிட்டோம். தமிழில் காய் மட்டுமா பழுக்கிறது? வெற்றிலைக் கட்டைப் பிரித்ததும் பழுத்ததைக் கடைக்காரர் தனியே ஒதுக்குவார். பழுத்தோலை என்றால் வீட்டுப் பெரியவருக்குக்கூடச் சுருக்கென்று தைக்கும். உதிர்வதற்கு முன் முற்றுகிறது, நிறம் ஏறுகிறது. 'ஹார்வெஸ்ட்' கைவிட்ட பருவத்தைப் 'பழு' வைத்திருக்கிறது.

வலது ஓரத்துச் சிறுமி இலை எதையும் அள்ளவில்லை. அவள் கையில் ஓர் ஆப்பிள். 'பழுத்த இலைகள்' என்றே எழுதி அனுப்பிவிட்டேன். ஆசிரியர் அதை 'இலையுதிர்கால' என்று திருத்தாமல் இருக்க வேண்டும்.