வேலியும் நீரும்: கனடிய ஏரிச் சங்கங்களின் வரலாறு பற்றிச் சில சிந்தனைகள்

சங்கம் அமைப்போர் தாம் எதற்காகக் கூடுகின்றனர் என்பதைத் தொடக்கத்திலேயே முழுமையாக அறிந்திருப்பதில்லை. தமக்குரியதைக் காத்துக்கொள்ளவென ஒன்றுசேர்வோர், காக்கும் பணியில் இறங்கிய பின்னரே அப்பொருள் தமக்கு மட்டும் உரியதன்று என்னும் உண்மையை எதிர்கொள்கின்றனர். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஏரிகளைப் பேணுவதற்கென இயங்கிவரும் தொண்டர் சங்கங்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1983க்குப் பின்னர் நம்மவர் பெருந்தொகையினராய்க் குடியேறிய மாகாணம் அது. ரொறன்ரோ நகரிலிருந்து கோடை விடுமுறையில் அவ்வேரிகளை நாடிச் செல்லும் தமிழ்க் குடும்பங்களும் உள. ஆதலின் இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அந்நியமான ஒன்றன்று.

ஒன்ராறியோவில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட ஏரிகள் உள்ளன. அவற்றுட் பல, பனியாறுகள் குடைந்து சென்ற மிகப் பழைய கருங்கற் பாறைமீது தேங்கியவை. இவ்வேரிக் கரைகளிலே நகரமக்கள் சிலர் கோடைகாலத்தைக் கழிப்பதற்கென வீடுகளை வைத்திருக்கின்றனர். ‘கொட்டேஜ்’ என்று அவர்கள் அவற்றை அழைப்பர். நாம் கோடைவீடு எனலாம். ஏரிக்கு ஒன்றாக, சில வேளைகளில் பல ஏரிகளுக்கு ஒன்றாக, இவ்வீட்டுக்காரர் அமைத்துக்கொண்டவையே ஏரிச் சங்கங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் என ஊதியம் பெறாத சிலர், ஆண்டுக்கொரு சிறு சந்தா, கோடையில் ஒரு பொதுக்கூட்டம், ஒரு செய்திமடல். நம் ஊர்ச் சனசமூக நிலையத்தை அறிந்தவருக்கு இவ்வமைப்பை விளக்கவேண்டியதில்லை. வேலை முழுவதையும் நாலைந்து பேரே சுமப்பர் என்பதும், ஏனையோர் கூட்டத்தன்று மட்டும் குறைகூற வருவர் என்பதும் இரண்டுக்கும் பொதுவானவை.

இச்சங்கங்கள் எழுந்த நிலம் வெறுநிலமன்று. மஸ்கோக்கா என்னும் புகழ்பெற்ற ஏரிப் பிரதேசத்தை எடுத்துக்கொள்வோம். இன்று போர்ட் கார்லிங் என வழங்கும் இடத்தில் ஒபாஜெவனுங் என்ற அனிஷினாபே மக்களின் கிராமம் இருந்தது. மரவீடுகளும் தோட்டங்களும் கொண்ட நிலையான குடியிருப்பு அது. 1860களில் வெள்ளையர் குடியேற்றம் நெருங்கிவர, அம்மக்கள் அவ்விடத்தினின்றும் அகற்றப்பட்டு மேற்கே பரி தீவுக்குச் சென்றனர். 1868இல் மாகாண அரசு இலவசக் காணிச் சட்டத்தை இயற்றிக் குடியேற வந்தோருக்கு நிலத்தைப் பங்கிட்டது. ஆனால், மஸ்கோக்கா உள்ளிட்ட அப்பெருநிலப்பரப்புக்குப் பூர்வகுடிகளோடு வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் கைச்சாத்திடப்பட்டதோ 1923இல். நிலத்தைப் பகிர்ந்தளித்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே உரியவரிடம் ஒப்பம் கேட்கப்பட்டது. அவ்வுடன்படிக்கைகளும் நேர்மையாக அமையவில்லை என்பதை ஏற்று, 2018இல் மத்திய அரசும் மாகாண அரசும் ஏறத்தாழ 111 கோடி கனடிய டொலர் இழப்பீடு வழங்கி மன்னிப்பும் கோரின.

இலவசமாகக் காணி பெற்ற குடியானவரும் வாழ்ந்தாரல்லர். பாறைமீது மெல்லிய படையாகக் கிடந்த மண் பயிருக்கு உதவவில்லை. ஏ. பி. கொக்பேர்ன் என்பார் 1866இல் ‘வெனோனா’ என்னும் நீராவிக் கப்பலை மஸ்கோக்கா ஏரியில் மிதக்கவிட்டார். 1871இல் போர்ட் கார்லிங்கில் கப்பல் கடக்கும் மடை அமைந்தது. 1875இல் புகையிரதம் கிரேவன்ஹேர்ஸ்ட் வரை வந்தது. ரொறன்ரோவிலிருந்தும் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் முதலிய ஆலைநகரங்களிலிருந்தும் செல்வர் வரலாயினர். உழுது தோற்ற குடியானவர் அவர்களுக்கு விடுதி நடத்தினர், படகு கட்டினர், வீடு காத்தனர். ஆலைநகரங்களின் புகையிலே திரட்டிய செல்வம் புகையற்ற காற்றைத் தேடி வடக்கே வந்தது. இந்த முரண்பாட்டை நாம் மனத்திருத்தல் வேண்டும். பின்னர் இது வேறு வடிவில் மீண்டும் தோன்றும்.

இச்சூழலிலேதான் 1894இல் மஸ்கோக்கா ஏரிகள் சங்கம் தோன்றியது. எல்லைக்கப்பால், நியூயோர்க் மாநிலத்தின் ஜோர்ஜ் ஏரியில் 1885இலேயே இத்தகைய சங்கமொன்று தொடங்கியிருந்தது. படகுப் பாதை, மீன்வளம், நீர்மட்டம் ஆகியனவே இத்தகைய சங்கங்களின் ஆரம்பக் கவலைகள். சொத்துடையோர் தம் சொத்தின் சுகத்தைப் பேணக் கூடிய கூட்டங்களே அவை என்றால் மிகையன்று.

அச்சொத்துணர்வு எவ்வளவு தூரம் செல்லக்கூடியது என்பதற்கு ஓர் உதாரணம். ஹியூறன் ஏரிக்கரையில் பீச் ஓ பைன்ஸ் என்றொரு கோடைக் குடியிருப்பு உண்டு. அங்குள்ள காணி உறுதிகளில், யூதருக்கோ கறுப்பருக்கோ நிறத்தவருக்கோ நிலத்தை விற்கலாகாது என நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. 1948இல் யூதர் ஒருவர் அங்கே வீடு வாங்க முற்பட்டபோது அயல் வீட்டுக்காரர் திரண்டெழுந்து தடுத்தனர். கீழ்நீதிமன்றங்கள் இரண்டும் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தன. 1950 நவம்பரில் கனடிய உயர்நீதிமன்றம் அந்நிபந்தனை செல்லாதெனத் தீர்த்தது. அந்நிபந்தனை நிலத்தின் பயன்பாட்டோடு தொடர்பற்றது, அதன் சொற்கள் தெளிவற்றவை என்பனவே அது கூறிய காரணங்கள். இனபேதம் அநீதி என்ற அடிப்படையில் அது தீர்ப்பளிக்கவில்லை. அதே ஆண்டில் மாகாண சட்டசபை இத்தகைய நிபந்தனைகளை இனிமேல் எழுதலாகாதெனச் சட்டமியற்றியது. ஏரியைக் காத்தல் என்பதும் ஏரியிலிருந்து பிறரை விலக்கல் என்பதும் ஒரே வேலியின் இரு பக்கங்களாக இருந்த காலம் அது.

இவ்வேலியை உடைத்தது எது? நற்போதனை என்று கூறமாட்டோம். நீதிமன்றமும் ஓரளவுக்கே உடைத்தது. எஞ்சிய வேலையைச் செய்தது நீர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், வீதிகள் பெருகி மோட்டார் வண்டி பரவியதும் கோடைவீடுகள் நடுத்தர வர்க்கத்தாருக்கும் எட்டின. கரைகள் நெருங்கின. 1963இல் இச்சங்கங்கள் மாகாணம் தழுவிய கூட்டமைப்பொன்றை ஏற்படுத்திக்கொண்டன. அக்காலத்திலேயே தென்பகுதிப் பேரேரிகளில், சிறப்பாக ஈரி ஏரியில், பாசி அடர்ந்து, அழுகி, நீரின் ஒட்சிசனைக் குடித்துக்கொண்டிருந்தது. சலவைத்தூளிலுள்ள பொசுபேற்றுகளே காரணமென அறிவியலாளர் பலர் கூறினர். சலவைத்தூள் உற்பத்தியாளரோ, பாசிக்கு உணவு காபனே என்ற கொள்கையைப் பிடித்துக்கொண்டனர். 1970இல் கனடா சலவைத்தூளின் பொசுபேற்றைச் சட்டத்தால் மட்டுப்படுத்தத் தொடங்கிய பின்னரும் இவ்விவாதம் ஓயவில்லை.

அதனைத் தீர்த்துவைத்தது ஓர் ஏரியேயாகும். ஒன்ராறியோவின் வடமேற்கில் 1968இல் பரிசோதனை ஏரிகள் பிரதேசம் என்னும் ஆய்வுநிலையம் நிறுவப்பட்டது. அங்கே டேவிட் ஷிண்ட்லர் என்னும் அறிஞர் தலைமையில் 1973இல், 226 என எண்ணிடப்பட்ட, இடை சிறுத்த ஏரியின் குறுக்கே திரையொன்றைக் கட்டினர். இரு பாதிகளிலும் காபனும் நைதரசனும் இடப்பட்டன. ஒரு பாதியில் மட்டும் பொசுபரசும் சேர்க்கப்பட்டது. பொசுபரசு பெற்ற பாதி பச்சைக் குழம்பாயிற்று. மற்றப் பாதி தெளிந்தே கிடந்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த அப்படத்தைக் கண்டபின் வாதிக்க அதிகம் இருக்கவில்லை.

இம்முடிவு ஏரிச் சங்கங்களுக்கு உவப்பானதன்று. பகைவன் வெளியே இருக்கின்றான் என்று எண்ணியிருந்தோர் இப்போது தம் வீட்டுப் பின்புறத்தை நோக்க வேண்டியவராயினர். பொசுபரசு எங்கிருந்து வருகின்றது? கோடைவீட்டின் மலக்குழியிலிருந்து, புல்வெளிக்கு இடும் உரத்திலிருந்து, அழகுக்கென மரமும் புதரும் வெட்டப்பட்டு மழையில் கரையும் கரைமண்ணிலிருந்து. பாறைமீது மண் மெல்லியதாகையால் கழிவை வடிகட்டும் ஆற்றலும் அங்கே குறைவு. ஒன்ராறியோவில் பாசித்தொல்லை தவிர்க்க வகுத்த அளவு, லீற்றருக்கு 20 மைக்ரோகிராம் பொசுபரசு. ஒரே ஒரு கிராம் பொசுபரசு 50,000 லீற்றர் நீரை அவ்வளவுக்குக் கொண்டுவரப் போதும் என்று கணக்கிட்டால் இதன் கடுமை விளங்கும்.

ஆகவே தொண்டரின் தொழில் மாறியது. 1996இல் இன்றைய வடிவம் பெற்ற ‘ஏரிப் பங்காளர்’ திட்டத்தின்கீழ், பாறைப் பிரதேசத்து ஏரிகளில் ஆண்டுதோறும் மே மாதத்தில் தொண்டர் ஒருவர் படகில் ஏரியின் ஆழமான இடத்துக்குச் சென்று நீரெடுத்துக் குப்பியிலிட்டு டோர்செற் ஆய்வுநிலையத்துக்கு அனுப்புகின்றார். கோடை முழுவதும் கறுப்பும் வெள்ளையுமான ஒரு வட்டத் தட்டைக் கயிற்றில் கட்டி நீருள் இறக்குகின்றார். கண்ணுக்கு அது மறையும் ஆழத்தையும், தூக்கும்போது மீண்டும் தென்படும் ஆழத்தையும் குறித்துக்கொள்கின்றார். 1865இல் அஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலில் செய்துகாட்டிய முறை அது. பள்ளிக்கூட மாணவனும் செய்யக்கூடியது. ஆயினும், ஒரே இடத்தில், ஒரே முறையில், ஆண்டுக்கணக்காக இதனைச் செய்தால்தான் ஏரியின் போக்குத் தெரியவரும். ஆரவாரமற்ற, பாராட்டுக் கிட்டாத உழைப்பு அது.

அளத்தலினும் கடினமான பணி ஒன்றுண்டு. அளந்து கண்டதை அயலானிடம் சொல்லுதலே அது. ‘உன் மலக்குழி கசிகின்றது, உன் புல்வெளியைச் சுருக்கு, வெட்டிய கரையில் மீண்டும் புதர் வளரவிடு’ என்று, ஆண்டுதோறும் முகம்பார்க்க வேண்டிய ஒருவரிடம் எவ்வாறு கூறுவது? ‘என் காணி, என் விருப்பம்’ என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. அரசாங்கத்துக்கு மனு எழுதுவது இதனினும் எளிது. தனிச்சொத்து என்னும் கருத்துப் பொதுப்பொருளான நீரோடு மோதும் இடம் இதுவே. இம்மோதலைச் சொத்துடைய ஒருவரே, தம் வர்க்கத்துள் நின்று நடத்த நேர்ந்தமையை வரலாற்றின் விந்தை எனலாம்.

கரையிலிருந்து வானத்துக்கும் இவர்கள் நோக்கு விரிந்தது. பாசியற்ற ஏரிகளிலும் மீன் மறைந்தது. தெளிந்த நீர் எப்பொழுதும் நலமான நீரன்று என்பதை அமிலமழை கற்பித்தது. சட்பெரி நகரின் நிக்கல் உலைக்கு 1972இல் 381 மீற்றர் உயரமான புகைபோக்கி கட்டப்பட்டது. ஊரின் காற்றுத் தெளிந்தது; கந்தகவீரொட்சைட்டோ நெடுந்தூரம் சென்று ஏரிகளில் இறங்கியது. அமெரிக்காவின் நிலக்கரி மின்நிலையங்களின் புகையும் எல்லை கடந்து வந்தது. புகையிலே பிறந்த செல்வம் நாடிவந்த இடத்துக்குப் புகையும் பின்தொடர்ந்தது. 1981இல் அமிலமழைக்கெதிரான கனடியக் கூட்டணி உருவானபோது கோடைவீட்டாளர் அமைப்புகளும் அதில் இணைந்தன. அக்கூட்டணி வொஷிங்ரன் வரை சென்று போராடியது. 1990இல் அமெரிக்கா தன் தூயகாற்றுச் சட்டத்தைத் திருத்தியது. 1991இல் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. தன் கரையை மட்டும் காக்கப் புறப்பட்டவர் கண்டம் முழுவதன் கைத்தொழிலோடு வாதாட வேண்டியதாயிற்று.

எனினும் தொண்டினைப் போற்றும் ஆர்வத்தில் அதன் எல்லையை நாம் மறந்துவிடலாகாது. தொண்டர் நீரை அளக்கலாம். சலவைத்தூளின் சேர்க்கையை அவர் மாற்ற முடியாது. அதற்குச் சட்டம் வேண்டும். சட்டத்துக்கு அறிவியல் வேண்டும். அறிவியலுக்குப் பொதுப்பணம் வேண்டும். 2012இல் கனடிய மத்திய அரசு, சிக்கனத்தின் பெயரால், 58 ஏரிகள் கொண்ட அதே பரிசோதனைப் பிரதேசத்தைக் கைவிடத் தீர்மானித்தது. அறிஞரும் பொதுமக்களும் குரலெழுப்பியதன் பயனாக, 2014இல் மாகாண அரசுகளின் உதவியுடன் அது வேறொரு நிறுவனத்தின் பொறுப்பில் தப்பிப் பிழைத்தது. அரசு தன் கடமையிலிருந்து விலகும்போதெல்லாம் தொண்டரின் பெருமை மேடைகளில் உரத்துப் பேசப்படுவதை நாம் கண்டிருக்கின்றோம். சம்பளமின்றி உழைப்போர் இருக்கையில் சம்பளத்துக்கு ஆள் எதற்கு என்ற கணக்கு அப்புகழுரையுள் மறைந்திருக்கின்றது. தொண்டு அரசின் கடமையை நினைவூட்ட வேண்டும். அதனை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது.

இன்னொரு குறையும் உண்டு. பெரும்பாலான ஏரிச் சங்கங்களில் கரையில் காணியுடையோரே உறுப்பினராவர். அவ்வீடுகளைக் கட்டிய தச்சனுக்கும், வீடு துடைக்கும் பெண்ணுக்கும், கோடையில் ஒரு கிழமைக்கு வாடகை கொடுத்து வருவோருக்கும் அங்கே குரல் குறைவு. ஒபாஜெவனுங்கில் தோட்டம் செய்தவர்களின் வழித்தோன்றல்கள் அக்கூட்டங்களில் எத்தனை தடவை பேசியிருப்பர்? ஊரையும் வளவையும் இழந்து அந்நாட்டுக்குச் சென்ற நம்மவர், அவ்வேரிக்கரையில் நிற்கும்போது இக்கேள்வியை ஏனையோரினும் கூர்மையாக உணர்தல் கூடும், உணர்தலும் வேண்டும்.

நீர் எந்தக் காணியின் எல்லைக்கல்லையும் மதியாது. ஒருவன் கரையில் கசிவது மற்றவன் கரையில் பாசியாகின்றது. நூறாண்டுக்கு மேலான அனுபவத்தின்பின் ஏரிச் சங்கங்கள் இதனை ஏட்டில் ஏற்றுக்கொண்டுள்ளன. தட்டையும் கயிற்றையும் சுமந்து ஆண்டுதோறும் படகேறும் அத்தொண்டர் செய்கையாலும் ஏற்றுக்கொண்டவரே. ஆனால், ஏரியைக் காக்கும் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் காணி உறுதிகளின் பட்டியலாகவே இருக்கும் வரைக்கும் அதன் பணி அரைப்பணியே ஆகும்.