பழைய கொம்பி வேனில் கார்புரேட்டர் கோளாறா? முதலில் பெட்ரோல் ஹோஸைப் பாருங்கள்

ஃபோக்ஸ்வேகன் கொம்பி வேன் 1950ஆம் ஆண்டில் ஜெர்மனியில் உற்பத்திக்கு வந்தது. முன்கண்ணாடி ஒரே வளைவாக அமைந்த இரண்டாம் தலைமுறை வேன் 1967இல் அறிமுகமாகி, அந்நாட்டில் 1979 வரை தயாரிக்கப்பட்டது. பிரேசிலில் கொம்பி உற்பத்தி 2013இல்தான் நின்றது. படுக்கை, அடுப்பு, சிறு அலமாரி ஆகியவற்றுடன் வீடு போல மாற்றப்பட்ட கொம்பியைப் பேணி வைத்திருப்பவர்கள் இன்றும் உள்ளனர். குடும்பத்தோடு கடற்கரைக்கும் கேமரன் மலைக்கும் போய் வர அதற்கு ஈடான வண்டி இல்லை என்பது அவர்கள் எண்ணம்.

ஆனால் வண்டி திணறினாலும், அணைந்தாலும், புகைத்தாலும் உடனே பழி கார்புரேட்டர் மீதுதான் விழுகிறது. பட்டறைக்குப் போனதும் அதைக் கழற்றுவார்கள், கழுவுவார்கள், புதிய கியாஸ்கெட் போடுவார்கள். பணம் செலவாகும். இரண்டு வாரத்தில் அதே கோளாறு திரும்பி வரும். காரணம், கார்புரேட்டர் கோளாறு போலத் தோன்றும் பலவும் வேறிடத்தில் பிறப்பவை. எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது என்ற வரிசை தெரிந்தால் பணமும் மிஞ்சும், ஆபத்தும் குறையும்.

இக்கட்டுரையில் வரும் அளவுகள், காற்றால் குளிரும் 1600 சிசி எஞ்சினுக்கும் அதில் பரவலாகப் பொருத்தப்பட்ட சோலெக்ஸ் 34 பிக்ட்-3 கார்புரேட்டருக்கும் உரியவை. நிசான் வேனெட் போன்ற மற்றப் பழைய கார்புரேட்டர் வேன்களுக்கும் சோதனை வரிசை பொருந்தும். அளவுகள் மட்டும் மாறும்.

முதல் வேலை: தீ விபத்தைத் தவிர்ப்பது

கொம்பியில் எஞ்சின் பின்னால் இருக்கிறது. பெட்ரோல் டாங்கி அதற்கு அடுத்தே, பம்பைவிட உயரத்தில் இருக்கிறது. எனவே எஞ்சினை நிறுத்திய பிறகும், ஹோஸ் விரிசல் விட்டால் பெட்ரோல் தானாகவே வடியும். கீழே சூடான எஞ்சின், பக்கத்தில் தீப்பொறி பறக்கும் டிஸ்ட்ரிபியூட்டர். பழைய கொம்பிகள் எரிந்து போவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

எஞ்சின் குளிர்ந்த பின் கதவைத் திறந்து, ஒவ்வொரு ரப்பர் ஹோஸையும் விரலால் வளைத்துப் பாருங்கள். மேலே துணி பின்னிய ஹோஸில் விரிசல் வெளியே தெரியாது. நுனியில் பிரிந்திருந்தாலோ, கை வைத்தால் பெட்ரோல் வாசனை ஒட்டினாலோ மாற்றிவிடுங்கள். மாற்றும்போது பெட்ரோலுக்கென்றே செய்த ஹோஸை வாங்க வேண்டும். இந்த எஞ்சினுக்கு உள்விட்டம் 5.5 மில்லிமீட்டர். தண்ணீர்க் குழாயோ, மீன் தொட்டிக்குப் போடும் பிளாஸ்டிக் குழாயோ ஒருபோதும் உதவாது. ஹோஸைக் கழற்றுமுன் டாங்கியிலிருந்து வரும் குழாயைக் கிளிப் போட்டு அழுத்தி மூடுங்கள். இல்லாவிட்டால் பெட்ரோல் நிற்காமல் ஓடும்.

அடுத்து, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் சிறிய பித்தளைக் குழாயைப் பாருங்கள். அது திருகு இல்லாமல், அழுத்திச் செருகப்பட்டது. பல ஆண்டு அதிர்வில் தளர்ந்து, ஓடும்போதே கழன்று விழக்கூடும். விரலால் பிடித்து மெல்லத் திருகிப் பாருங்கள். அசைந்தால் அந்த வண்டியை ஓட்டாதீர்கள். பட்டறையில் அதற்குத் திருகு வெட்டிப் பொருத்தச் சொல்லுங்கள். கனமான உலோக ஃபில்டரை எஞ்சினுக்கு மேலே ஹோஸில் தொங்கவிடுவதும் இந்தக் குழாயை இழுத்துத் தளர்த்தும். ஃபில்டருக்கு ஏற்ற இடம் டாங்கிக்கும் பம்புக்கும் நடுவே, எஞ்சின் அறைக்கு வெளியே.

வேனில் சமையல் அடுப்பு இருந்தால், பெட்ரோல் வேலை தொடங்குமுன் கியாஸ் தோம்பை மூடி வெளியே எடுத்து வையுங்கள். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். பக்கத்தில் தூள் வகைத் தீயணைப்புக் கருவி ஒன்று இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. இந்த எஞ்சினின் உடல் மக்னீசியக் கலவை. அது பற்றிக்கொண்டால் தண்ணீர் பட்டதும் இன்னும் சீறி எரியும். தீ கட்டுக்கு மீறினால் எல்லாரும் விலகி நின்று மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை அழையுங்கள். வண்டியைக் காப்பாற்ற முயன்று உயிரைப் பணயம் வைக்கவேண்டாம்.

இரண்டாவது வேலை: தீப்பொறியும் வால்வும்

கார்புரேட்டரின் திருகைத் தொடுமுன் மூன்று அளவுகள் சரியாக இருக்கவேண்டும்.

வால்வு இடைவெளி: எஞ்சின் முழுமையாகக் குளிர்ந்த நிலையில் 0.15 மில்லிமீட்டர். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யாமல் பார்ப்பது நல்லது.

பாயின்ட் இடைவெளி: 0.4 மில்லிமீட்டர். பாயின்ட் முகம் கருகியோ குழி விழுந்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

பிளக் இடைவெளி: 0.7 மில்லிமீட்டர். பிளக்கின் நிறமும் செய்தி சொல்லும். காப்பித் தூள் நிறம் நல்லது. கரி பூசியது போல் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, அல்லது எங்கோ காற்றுக் கசிவு.

இவற்றுக்குப் பிறகு டைமிங் பார்க்கவேண்டும். எந்த டிஸ்ட்ரிபியூட்டர் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் அளவு மாறும். வெற்றிடக் குழாய் இல்லாத '009' வகை டிஸ்ட்ரிபியூட்டர் பல வண்டிகளில் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கும். அதோடு 34 பிக்ட்-3 சேர்ந்தால், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணம் வண்டி தயங்கும். இதைக் கார்புரேட்டர் கோளாறு என்று எண்ணிப் பணம் செலவழித்தவர்கள் அதிகம். வெற்றிடக் குழாய் உள்ள டிஸ்ட்ரிபியூட்டரைத் திரும்பப் பொருத்துவதே இதற்குத் தீர்வு.

அறிகுறியும் காரணமும்

ஐட்லிங் நிற்கவில்லை, மிதித்தால் மட்டும் ஓடுகிறது: கார்புரேட்டரின் பக்கத்தில் ஒற்றை வயர் செருகிய சிறிய உருளை இருக்கும். சாவியை நிறுத்தியதும் ஐட்லிங் பெட்ரோலை அடைக்கும் வால்வு அது. பெட்ரோல் கசிவு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திறந்து, அந்த வயரைக் கழற்றி மீண்டும் தொடுங்கள். 'டிக்' என்று சத்தம் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் வயரில் மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். வந்தும் சத்தம் இல்லையென்றால் வால்வு கெட்டுவிட்டது. சத்தம் கேட்டும் ஐட்லிங் நிற்கவில்லையென்றால் ஐட்லிங் ஜெட்டில் தூசி அடைத்திருக்கலாம். அதைக் கழற்றிக் காற்றால் ஊதுங்கள். கம்பியோ ஊசியோ விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, பிறகு அளவு எப்போதும் சரிவராது.

ஐட்லிங் ஏறி இறங்கி ஆடுகிறது: காற்றுக் கசிவுக்கு அடையாளம். கார்புரேட்டருக்கு அடியிலுள்ள கியாஸ்கெட்டையும், மேனிஃபோல்டின் இரு பக்கத்து ரப்பர் இணைப்புகளையும் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது அந்த இடங்களில் மட்டும் சிறிதளவு தண்ணீரைத் தெளியுங்கள். மின் வயர்கள் பக்கம் போகவேண்டாம். எங்கே தெளிக்கும்போது எஞ்சின் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் கசிவு. இதற்குக் கார்புரேட்டர் கிளீனர் தெளிக்கும் வழக்கம் உண்டு. அது எளிதில் தீப்பற்றும் என்பதால் சூடான எஞ்சின் மீது வேண்டாம்.

மிதித்ததும் திணறுகிறது: ஏர் ஃபில்டரைக் கழற்றி, எஞ்சினை நிறுத்திய நிலையில் கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி கையால் ஆக்சிலரேட்டர் நெம்பைத் தள்ளுங்கள். பெட்ரோல் ஒரே பீச்சாகப் பாயவேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தாலோ, ஒன்றும் வராவிட்டாலோ, உள்ளே இருக்கும் சிறிய பம்பின் ரப்பர் தகடு கிழிந்திருக்கும். ரிப்பேர் கிட்டில் அது கிடைக்கும்.

கறுப்புப் புகை, பெட்ரோல் வாசனை: முதலில் சோக். குளிர்ந்த எஞ்சினில் மூடியிருக்கும் அந்தத் தகடு, மின்சாரச் சூட்டில் சில நிமிடங்களில் நேராக நிமிர்ந்து முழுதும் திறக்கவேண்டும். திறக்காவிட்டால் சோக் வயரைப் பாருங்கள். நம் வெப்பநிலைக்குச் சோக் மிகக் குறைவாகவே தேவை. சோக் சரியென்றால் ஊசி வால்வு. எஞ்சினை நிறுத்திய பிறகும் கார்புரேட்டர் வாய்க்குள் பெட்ரோல் சொட்டினால் ஊசி வால்வு மூடவில்லை என்று பொருள்.

எஞ்சின் ஆயில் அளவு கூடுகிறது, ஆயிலில் பெட்ரோல் வாசனை: இதை ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். ஊசி வால்வு வழியாகவோ, பெட்ரோல் பம்பின் கிழிந்த தகடு வழியாகவோ பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது. இந்த எஞ்சினில் மொத்தம் 2.5 லிட்டர் ஆயில்தான். அது நீர்த்துப்போனால் பேரிங் தேய்ந்து எஞ்சினே போய்விடும். காரணத்தைச் சரிசெய்து, ஆயிலை மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

வெயிலில் நின்ற பின் ஸ்டார்ட் ஆகவில்லை: எஞ்சின் அறையைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையும் தகடுகளும் முழுமையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாவிட்டால் அடியிலிருந்து வரும் சூடான காற்றை எஞ்சின் மீண்டும் இழுத்து, குழாயிலுள்ள பெட்ரோலை ஆவியாக்கிவிடும். பழைய வண்டிகளில் இந்தப் பட்டை காணாமல் போயிருப்பது சாதாரணம்.

என்ன செய்தாலும் ஐட்லிங் இறங்கவில்லை: ஆக்சிலரேட்டர் நெம்பின் அச்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆடினால் அச்சும் துளையும் தேய்ந்துவிட்டன. எத்தனை ரிப்பேர் கிட் போட்டாலும் இது தீராது. லேத் பட்டறையில் புதிய புஷ் போடவேண்டும்.

இரண்டு திருகுகளை அமைக்கும் முறை

மேலே சொன்னவை எல்லாம் சரியான பிறகே இது. எஞ்சின் நன்கு சூடாகி, சோக் முழுதும் திறந்திருக்கவேண்டும். கார்புரேட்டரின் ஒரே பக்கத்தில் ஒரு பெரிய திருகும் ஒரு சிறிய திருகும் உள்ளன. பெரியது வேகத்துக்கு, சிறியது கலவைக்கு.

1. எஞ்சினை நிறுத்தி, ஆக்சிலரேட்டர் நெம்பிலுள்ள திருகைத் தளர்த்துங்கள். பிறகு அது படிப்படியான தகட்டைத் தொடும்வரை திருகி, மேலும் கால் சுற்று கொடுங்கள். இதை வைத்து ஐட்லிங்கை ஏற்றக்கூடாது. பலரும் செய்யும் தவறு இதுதான்.

2. சிறிய திருகை மெல்ல முட்டும்வரை உள்ளே திருகி, இரண்டரைச் சுற்று வெளியே எடுங்கள். அழுத்தி முட்டினால் அதன் கூர்முனை சேதமடையும்.

3. ஸ்டார்ட் செய்து, பெரிய திருகால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 850 சுற்றுக்குக் கொண்டுவாருங்கள்.

4. சிறிய திருகை மெதுவாக வெளியே திருப்பி, எஞ்சின் மிக வேகமாக ஓடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு வேகம் 20 முதல் 30 சுற்று குறையும்வரை உள்ளே திருகுங்கள்.

5. மீண்டும் பெரிய திருகால் 850 முதல் 900 சுற்றுக்குள் வையுங்கள்.

சிறிய திருகைத் திருப்பியும் எஞ்சினில் எந்த மாற்றமும் இல்லையென்றால், காற்றுக் கசிவோ அடைத்த ஜெட்டோ இன்னும் இருக்கிறது. திரும்பிப் போய்ப் பாருங்கள்.

கேமரன் மலைக்குப் போகிறவர்களுக்கு

தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. அதனால் எஞ்சின் பலம் குறையும், பெட்ரோல் சற்று அதிகமாகப் போகும். இது கோளாறு அல்ல. இரண்டு நாள் பயணத்துக்காகத் திருகுகளை மாற்றினால், கீழே இறங்கியதும் கலவை குறைந்து எஞ்சின் சூடாகும்.

மலையில் இன்னொன்றும் நடக்கலாம். பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டர் குளிரும். குளிர்ந்த, பனிமூட்டமான காற்றில் அதன் உள்ளே உறைபனி கட்டும். வண்டி திணறி நிற்கும். பத்து நிமிடம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். இதைத் தடுக்கவே மேனிஃபோல்டோடு ஒட்டி, புகை சூட்டைக் கொண்டுவரும் மெல்லிய குழாய் ஒன்று உள்ளது. அது கரியால் அடைத்திருந்தால் சூடாகாது. கிளம்புமுன் எஞ்சின் சூடான பின் அதன் இரு பக்கமும் சூடேறுகிறதா என்று எச்சரிக்கையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கவனிக்க

இந்த எஞ்சினின் அழுத்த விகிதம் குறைவு என்பதால் ரோன்95 பெட்ரோலே போதும்; ரோன்97 ஊற்றினால் கார்புரேட்டர் கோளாறு தீராது. நீண்ட நாள் நிற்கும் வண்டியில் பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைக்கும். வாரம் ஒருமுறையாவது சற்றுத் தூரம் ஓட்டுங்கள். அசல் சோலெக்ஸ் கார்புரேட்டர் உங்களிடம் இருந்தால் அதைத் தூக்கிப் போடவேண்டாம். புஷ் போட்டுப் பழுது பார்த்த அசல், மலிவான புதிய நகலைவிடப் பெரும்பாலும் நன்றாக ஓடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எத்தனை சுற்று திருப்பினீர்கள் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பட்டறைக்குப் போனாலும் அந்தக் குறிப்பேட்டை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஹோஸ், தீப்பொறி, வால்வு, காற்றுக் கசிவு, அதன் பிறகே கார்புரேட்டர்: இந்த வரிசை மாறாமல் பார்த்தால் வேண்டாத செலவும் நடுவழியில் நிற்கும் அவதியும் பெரிதும் குறையும்.