உப்பளக் கரையில் ஓர் எல்லை

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து, கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் கீழ்புத்துப்பட்டு என்னும் சிற்றூரை அடைவர். அதனை அடுத்திருப்பது கனகசெட்டிக்குளம். அதற்கும் தெற்கே காலாப்பட்டு. முதலில் கூறிய ஊர் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. மற்ற இரண்டும் புதுச்சேரியைச் சேர்ந்தவை. இன்று இவ்வெல்லையைக் கடப்பவரைத் தடுப்பார் இல்லை. ஆனால் 1954ஆம் ஆண்டு வரை இது இரு நாடுகளின் எல்லையாக இருந்தது. வடபால் ஆங்கிலேயர் ஆட்சியும், 1947க்குப் பின் சுதந்திர இந்தியாவும். தென்பால் பிரெஞ்சு ஆட்சி.

அவ்வெல்லையின் அமைப்பே விந்தையானது. காலாப்பட்டுப் பகுதி புதுவை நகரோடு ஒட்டியிராமல் தனித்து நிற்பது. இடையே கோட்டக்குப்பம் ஆங்கிலேயர் வசம் இருந்தது. ஆகவே, காலாப்பட்டு உழவர் தம் தலைநகராகிய புதுவைக்குச் செல்ல இருமுறை எல்லை கடக்க வேண்டியிருந்தது. செஞ்சிப் பக்கத்திலிருந்து வரும் சங்கராபரணி ஆறோ, ஆங்கிலேயர் நிலத்தில் ஓடிய அதே நீரைப் பிரெஞ்சு நிலமாகிய வில்லியனூருக்கும் கொண்டு சேர்த்தது.

கோட்டின் இருபுறமும் கடல் ஒன்றே, வெயிலும் ஒன்றே. எனினும் உப்பு மட்டும் ஒன்றாக மதிக்கப்படவில்லை. ஆங்கிலேயருக்கு உப்பு பெரும் வருவாய் தரும் பொருள். பிரெஞ்சுப் பகுதியின் உப்பு மலிவாக எல்லை கடந்து வந்தால் அவ்வருவாய் குன்றும். ஆதலால், 1815இல் இலண்டனில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பில் உள்ளூர்த் தேவைக்குப் போக எஞ்சியதைக் கிழக்கிந்தியக் கம்பெனியே வாங்கும். ஈடாக ஆண்டுதோறும் 4 இலட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சு அரசுக்குக் கிடைக்கும். 1818இல் மற்றோர் உடன்படிக்கையால் உப்பு விளைவிப்பதே நிறுத்தப்பட்டது. அளங்களின் உடைமையாளருக்கு ஆண்டுக்கு 4,000 வராகன் ஈட்டுத்தொகை விதிக்கப்பட்டது.

உப்பைத் தடுத்த எல்லை, மனிதருக்குப் புகலிடமும் ஆயிற்று. 1908இல் பாரதியார் புதுவை வந்து சேர்ந்தார். 1910இல் அரவிந்தர் வந்தார். ஆங்கிலேயரின் காவலர் அவர்களை அங்கே கைது செய்ய இயலவில்லை. 1918 நவம்பரில் பாரதியார் எல்லை கடந்து ஆங்கிலேயர் பகுதிக்குள் வந்ததும், கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். சில அடி நிலம் ஒரு மனிதரின் உரிமையை எவ்வளவு மாற்றவல்லது என்பதை இதனால் அறிகிறோம்.

1954 அக்டோபர் 18ஆம் நாள், கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவுடன் இணைய விரும்பினர், எண்மர் மறுத்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1956 மே 28ஆம் நாள் கையெழுத்தான ஒப்பந்தம், 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, அப்பகுதிகளில் பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்களாயினர். பிரெஞ்சுக் குடியுரிமையையே விரும்பியோர், ஆறு திங்களுக்குள் எழுதிக்கொடுத்து அதனை வைத்துக்கொள்ளலாயிற்று. எல்லை மறைந்தபோது, எந்நாட்டவராக இருப்பது என்பதைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு வாய்த்தது.

அதே கரையில் இன்னொரு வரலாறும் நடக்கிறது. 1983க்குப் பின் போரினால் இலங்கையை விட்டு வந்த தமிழருள் பலர் கீழ்புத்துப்பட்டு முகாமில் குடியமர்த்தப்பட்டனர். இத்தகைய முகாம்களுக்கு 2021இல் தமிழக அரசு ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றியது. ஆனால் சட்டப்படி, 1987 ஜூலை முதல் நாளிலிருந்து இந்நாட்டில் பிறந்தவர், பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராக இருந்தாலன்றி, பிறப்பால் குடியுரிமை பெறுவதில்லை. ஆகவே, முகாமிலேயே பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளிகளிலேயே பயின்ற இளைஞர் பலர் இன்னும் எந்நாட்டவர் என்னும் வினாவுக்கு விடை காணாதிருக்கின்றனர்.

மாணவர்களே! எல்லைகளை அரசுகள் வரைகின்றன. அவற்றின் பயனையும் துயரத்தையும் அடைவோர் மக்களே. புதுவை எல்லை மறைந்தபோது மக்களின் விருப்பம் கேட்கப்பட்டது. கடல் கடந்து வந்தோரின் பிள்ளைகளிடம் அவ்வினா இன்னும் கேட்கப்படவில்லை. உங்கள் வகுப்பறையிலேயே அவர்களுள் ஒருவர் அமர்ந்திருக்கக்கூடும். வரலாற்றைக் கற்கும்போது அவரையும் எண்ணிப் பாருங்கள்.