தேர்ந்தெடுக்கப்பட்ட மன்னர்

மன்னர்களைத் தீட்டும் ஓவியர்கள் போர்க்களத்தையோ முடிசூட்டு விழாவையோ நாடுவதே பெரும்பாலும் வழக்கம். செக் ஓவியர் வாட்ஸ்லாவ் பிரோஷிக்கோ ஒரு தேர்தலை நாடினார். பிராக் நகரத்தின் பழைய நகர மண்டபத்தில் உள்ள அவரது பெருஞ்சித்திரம், போடியெப்ராட் ஜார்ஜ் பொஹீமிய மன்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட காட்சியைக் காட்டுகிறது. அத்தேர்தல் நடந்ததும் அதே நகர மண்டபத்தில்தான்; நாள் 1458 மார்ச் 2.

முந்திய மன்னர் லாடிஸ்லாஸ் 1457இல் பதினேழு வயதிலேயே வாரிசின்றி மாண்டார். அயல்நாட்டு அரச குலத்தினர் பலர் மகுடத்துக்கு உரிமை கோரினர். ஆனால் பொஹீமிய சபையினர், நாட்டை ஏற்கெனவே பொறுப்பேற்று நடத்திவந்த சுதேசப் பிரபுவான ஜார்ஜையே தெரிந்தெடுத்தனர். வாக்களித்தவர்கள் பொதுமக்கள் அல்லர். பிரபுக்களும் வீரக்குடியினரும் நகரப் பிரதிநிதிகளுமே. எனினும் பிறப்புரிமையை விடச் சபையின் சம்மதம் மேலானது என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

ஜார்ஜ், 1415இல் எரித்துக் கொல்லப்பட்ட சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் வழிவந்தோரைச் சேர்ந்தவர். அவர் தம் சமயத்தாரையும் கத்தோலிக்கரையும் ஒருங்கே ஆள முயன்றார். போரைக் கைவிட்டு, பொது மன்றத்தில் வழக்குகளைத் தீர்த்துக்கொள்ளும் ஓர் ஐரோப்பிய உடன்படிக்கையை 1464இல் பிரெஞ்சு மன்னர்முன் வைத்தார். அம்முயற்சி பலிக்கவில்லை. 1466இல் போப்பாண்டவர் அவரைச் சமய விலக்கம் செய்தார். 1471இல் அவர் மறைந்தபின் செக் இனத்தார் எவரும் அவ்வரியணையில் அமரவில்லை.

1627இல் ஹாப்ஸ்பர்க் பேரரசர் பிறப்பித்த புதிய அரசியல் சட்டம், மன்னரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையே ஒழித்தது. ஜெர்மன் மொழியையும் செக் மொழிக்குச் சமமாக்கியது. நாளடைவில் அலுவலகங்களில் ஜெர்மன் ஓங்க, செக் மொழி ஒடுங்கிற்று.

பிரோஷிக் இச்சித்திரத்தைத் தீட்டியது 1890களின் பிற்பகுதியில். 1897இல் பிரதமர் படேனி, பொஹீமிய அரசு ஊழியர் இரு மொழிகளையும் அறிந்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டார். ஜெர்மன் மொழியினரின் கொந்தளிப்பால் அவர் பதவியிழந்தார்; 1899இல் ஆணைகளும் அகன்றன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வரலாறு எளிதில் விளங்குகிறது. ஓர் அரசாணை எந்த மொழியில் எழுதப்படுகிறது என்பது வெறும் அலுவலக விஷயமன்று. குடிமகன் தன் அரசைத் தனதென்று உணர்கிறானா என்பதும் அதில் அடங்கும்.

இழந்த உரிமையை எவ்வாறு நினைவூட்டுவது? பேரரசரைக் குறைகூறும் ஒரு சொல்லும் இச்சித்திரத்துக்குத் தேவைப்படவில்லை. இந்நாட்டு மன்னரை இச்சபையே ஒரு காலத்தில் தேர்ந்தது என்று காட்டினாலே போதுமாயிருந்தது. 1918இல் செக் மக்கள் ஸ்லோவாக்கியரோடு இணைந்து குடியரசு கண்டபோது அதைக் காண ஓவியர் உயிரோடில்லை.

பிரோஷிக் தம் வாழ்வின் பல ஆண்டுகளைப் பாரிஸில் கழித்து, 1901இல் அங்கேயே மறைந்தவர். பிறந்த மண்ணுக்கு வெளியே வாழ்ந்தாலும் அதன் வரலாற்றை அவர் மறக்கவில்லை. தாய்மொழி வழங்கும் ஊரைவிட்டு வந்து, வேற்றுமொழி வழங்கும் நகரங்களில் வாழும் நாமும் அவரை எண்ணிப் பார்க்கலாம்.