பல்லுக்கு கிளிப் போட்டிருக்கீங்களா? வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு ஈறு வீங்குவது ஏன்?

ஃப்ளூவோ கொரோனாவோ வந்து எழுந்த பிறகு, கிளிப் போட்டவர்களுக்கு ஈறு வீங்கி, பிரஷ் பண்ணும்போது ரத்தம் வருவதுண்டு. 'எதிர்ப்பு சக்தி போயிடுச்சு' என்று சத்து மாத்திரை தேடி ஓட வேண்டாம். விஷயம் வேறு.

முதலில், கிளிப் எப்படி வேலை செய்கிறது? கம்பி பல்லை அப்படியே இழுத்து நகர்த்திவிடுவதில்லை. பல் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய நார்த்திசு இருக்கிறது. கம்பியின் அழுத்தத்தால் அங்கே லேசான அழற்சி உண்டாகும். உடனே இன்டர்லூகின்-6 போன்ற சைட்டோகைன்கள் சுரக்கும். அழுத்தம் விழும் பக்கம் எலும்பு கரையும், எதிர்ப்பக்கம் புது எலும்பு வளரும். இப்படித்தான் மாதத்துக்கு சுமார் 1 மில்லிமீட்டர் பல் நகர்கிறது. சொல்லப்போனால், பல்லை நகர்த்துவதில் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

வைரஸ் தாக்கும்போது உடலில் எகிறுவதும் இதே சைட்டோகைன்கள்தான். 2020-ல் அடிக்கடி கேட்ட 'சைட்டோகைன் புயல்' இதன் உச்சம். சாதாரண காய்ச்சலில் அவ்வளவு தூரம் போகாது. உடம்பு தேறத் தேற அடங்கிவிடும்.

ஈறைக் கெடுப்பது பெரும்பாலும் வறண்ட வாய்தான். மூக்கடைத்தால் வாயால் மூச்சு விடுகிறோம். எச்சில் காய்ந்தால் அதிலுள்ள ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதத்தின் காவலும் குறையும். படுத்த படுக்கையில் பிரஷ் பண்ணவும் தோன்றாது. பிஸ்கட்டும் இனிப்பான இருமல் சிரப்பும் கிளிப்பைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். சிரப் குடித்ததும் வாயைக் கொப்பளித்தாலே பாதி பிரச்சினை தீரும்.

வலி மாத்திரையிலும் கவனம் தேவை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை புரோஸ்டாகிளாண்டின் சுரப்பைத் தடுக்கும். பல் நகர அதுவும் வேண்டும். ஒன்றிரண்டு மாத்திரையால் ஒன்றும் ஆகாது. நாள் கணக்கில் தொடர்ந்தால் நகர்வு மந்தமாகலாம். டாக்டர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போதும்.

காய்ச்சலோடு கம்பியை டைட் பண்ணப் போக வேண்டாம். போன் செய்து தேதியைத் தள்ளிப்போடுங்கள், ஆனால் மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். ஸ்டீராய்டு எடுத்திருந்தால் பல் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது எலும்பைப் பாதிக்கும்.

முக்கியமான ஒன்று. நம்ம ஊரில் எல்லாக் காய்ச்சலும் ஃப்ளூ அல்ல. காய்ச்சல் இருக்கும்போதோ, விட்ட ஓரிரு நாளிலோ ஈறிலிருந்து தானாக ரத்தம் கசிந்தால், கூடவே வயிற்று வலி, விடாத வாந்தி இருந்தால், அது டெங்குவின் எச்சரிக்கை அறிகுறியாக இருக்கலாம். கிளிப் குத்தியிருக்கும் என்று விட்டுவிடாமல், ஐபுப்ரோஃபென் எதுவும் போடாமல், அன்றே மருத்துவமனைக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.