கடல்மேல் இறங்கும் விமானம்

ஹைதராபாத் நகருக்குக் கடல் இல்லை. ஹுசைன் சாகர் ஏரியையே சாகரம் என்றழைத்து மனநிறைவு கொள்ளும் ஊர் இது. ஆயினும், நடுக்கடலில் போர் விமானங்கள் ஏறி இறங்கும் ஒரு தளத்திற்கும் இந்நகருக்கும் நெருங்கிய உறவு உண்டு. அவ்வுறவை அறிய, கப்பலிலிருந்து விமானம் பறந்த வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து காண்பது நலம்.

1910 நவம்பர் 14 அன்று, அமெரிக்கரான யூஜின் ஈலி என்பார், பர்மிங்காம் என்னும் போர்க்கப்பலின் முகப்பில் அமைத்த மரமேடையிலிருந்து விமானத்தைக் கிளப்பினார். மேடையைவிட்டு நீங்கிய விமானம் தாழ்ந்து, அதன் சக்கரங்கள் கடல்நீரைத் தொட்டன. எனினும் அது தப்பி எழுந்தது. இரண்டே மாதங்களில், 1911 ஜனவரி 18 அன்று, சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நின்ற பென்சில்வேனியா கப்பலில் அவரே வந்து இறங்கினார். மேடையின் குறுக்கே கயிறுகளைக் கட்டி, ஒவ்வொன்றின் இருமுனையிலும் மணல் மூட்டைகளைப் பிணைத்திருந்தனர். விமானத்தின் அடியிலிருந்த கொக்கிகள் கயிறுகளைப் பற்ற, மூட்டைகளின் பளு விமானத்தை இழுத்து நிறுத்தியது. கட்டுக்கடங்காது வரும் வண்டியை மணல் குவித்த தடத்தில் விட்டு நிறுத்தும் முறையை அறிந்த நம் ரயில்வே அன்பர்களுக்கு இத்தத்துவம் புதிதன்று.

நின்ற கப்பலில் இறங்கியாயிற்று. ஓடும் கப்பலில் இறங்குவது எங்ஙனம்? 1917 ஆகஸ்டு 2 அன்று, ஆங்கிலேயக் கடற்படையைச் சேர்ந்த எட்வின் டன்னிங் அதனைச் செய்து காட்டினார். பியூரியஸ் என்ற கப்பல் எதிர்காற்றில் விரைய, அவர் அதன் வேகத்தோடு வேகம் பொருத்தி இறங்கினார். தோழர்கள் ஓடிச்சென்று விமானத்தைக் கைகளாலேயே பிடித்து நிறுத்தினர். ஐந்து நாட்களுக்குப் பின் மீண்டும் முயன்றபோது விமானம் கடலில் வீழ்ந்தது. அவ்வீரர் உயிர் துறந்தார். கப்பலிலிருந்து புறப்படுதல் எளிது, திரும்பி வந்து இறங்குதலே அரிது என்னும் பாடத்தை உலகம் அவருடைய உயிரை விலையாகக் கொடுத்துக் கற்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெட் விமானங்கள் வந்தன. பளுவும் வேகமும் பெருகின. அப்போது ஆங்கிலேயர் மூன்று வழிகளைக் கண்டனர். முதலாவது, நீராவிக் கவண். தளத்தின் அடியில் நீண்ட உருளைக்குள் நீராவி பாய்ந்து உந்துதண்டைத் தள்ளும். அதனோடு பிணைந்த விமானம் கவண்கல்லைப்போல் எறியப்படும். ரயில் எஞ்சினை இழுத்த நீராவியே இங்கே விமானத்தை எறிந்தது! இரண்டாவது, சாய்வுத் தளம். இறங்கும் பாதையைச் சற்றே பக்கவாட்டில் திருப்பியமைத்ததால், கம்பியைப் பற்றத் தவறிய விமானம் முன்னே நிற்கும் விமானங்களில் மோதாது மீண்டும் பறந்துவிடலாம். ஆகையால்தான், சக்கரம் தளத்தைத் தொட்டதும் விமானி வேகத்தைக் குறைப்பதில்லை. இயந்திரத்தை முழுவிசைக்கு முடுக்குகிறார். மூன்றாவது, சரியான இறங்குகோணத்தை ஒளியால் காட்டும் கண்ணாடி.

இம்மூன்றையும் பெற்று நம் நாட்டிற்கு வந்ததே முதல் விக்ராந்த். ஹெர்குலிஸ் என்ற பெயருடன் 1945-இல் நீரில் இறக்கப்பெற்று, முற்றுப்பெறாது கிடந்த கப்பலை 1957-இல் இந்தியா வாங்கியது. பெல்பாஸ்டு நகரில் பணி முடிந்து, 1961 மார்ச் 4 அன்று விக்ராந்த் கடற்படையில் சேர்ந்தது. அவ்வாண்டு மே 18-இல் அதில் முதன்முதலாக ஜெட் விமானத்தை இறக்கியவர் ஆர். எச். தஹிலியானி; பிற்காலத்தில் அவர் கடற்படைத் தலைவரானார். கப்பலின் 'சீ ஹாக்' விமானங்களுக்குக் கரையிலும் ஓர் இல்லம் வேண்டுமன்றோ? அது முதலில் அமைந்தது கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள சூலூரில். 1961 செப்டம்பரில் அங்கே தொடங்கிய ஹன்சா தளம், பின்னரே கோவாவிற்குப் பெயர்ந்தது. கடல் காணாத கொங்கு மண் கடற்படை விமானங்களைத் தாங்கியது நமக்குப் பெருமையே.

1971 போரின்போது விக்ராந்தின் நான்கு கொதிகலன்களில் ஒன்று பழுதுற்றிருந்தது. கப்பல் எதிர்காற்றில் விரைந்தாலன்றி விமானம் எழுவது கடினம். விக்ராந்திற்கோ முழுவேகம் இல்லை. ஆயினும் டிசம்பர் 4 முதல் அதன் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கி, பகைவரின் கடல்வழியை அடைக்க உதவின. அக்கப்பல் 1997-இல் ஓய்வு பெற்றது.

அதன் பெயரைத் தாங்கிய புதிய விக்ராந்த், கொச்சியில் கட்டப்பெற்று 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்தது. நீளம் 262 மீட்டர். இதில் கவண் இல்லை. மேல்நோக்கி வளைந்த முகப்பு விமானத்தை வானில் ஏற்றிவிடுகிறது. இறங்குகையில் மூன்று தடைக்கம்பிகள் காத்திருக்கின்றன.

இங்கேதான் நம் நகரம் வருகிறது. பல டன் எடையுள்ள விமானம் நாள்தோறும் மோதி இறங்கினும் விரிசல் காணாத எஃகு வேண்டும். பிறநாட்டு எஃகையே நம்பியிருத்தல் தகாது என்ற நிலையில், ஹைதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுக்கூடம் டி.எம்.ஆர். 249 என்னும் எஃகு வகையை உருவாக்கியது. அதில் ஒரு வகை கப்பலின் உடலுக்கு. மற்றொன்று விமானத் தளத்திற்கென்றே அமைந்தது. பிலாய், பொகாரோ, ரூர்கேலா ஆலைகள் அதனை வார்த்துத் தந்தன. இக்கப்பலுக்கென வழங்கிய சிறப்பு எஃகு ஏறத்தாழ 30,000 டன்.

ஈலியின் சக்கரங்கள் அன்று மரப்பலகையில் இறங்கின. இன்று நம் விமானியின் சக்கரங்கள் இறங்கும் எஃகின் பக்குவம் நம் ஊரில் கண்டறியப்பட்டது. காஞ்சன்பாக் வழியே செல்லும் அன்பர்கள், இரவில் அலைகளுக்கிடையே அத்தளத்தைத் தேடி வரும் ஒரு விமானியை ஒருகணம் நினைப்பார்களாக. போனவர் பத்திரமாகத் திரும்பி வரவேண்டும் என்பதே இவ்விஞ்ஞானம் அனைத்தின் குறிக்கோள். ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு அதன் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.